வானநூற் புலவர் கெப்ளர்

ஜெர்மனி தேயத்து வைல் டெர் ஷ்டாட் என்னும் சிற்றூரில், 1571-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27-ஆம் நாள், யோஹான்னஸ் கெப்ளர் பிறந்தார். தந்தையார் கூலிப்படையிற் சேர்ந்து போர் நாடிச் செல்பவர். ஒருமுறை சென்றவர் மீளாதே போயினார். இளமையில் வந்த அம்மை நோயாற் கெப்ளரது கண்பார்வை குன்றிற்று. விண்ணை ஆராய்ந்து புகழ்கொண்ட இவர் விண்மீன்களைத் தெளிவுறக் காணும் கண் பெற்றிலர் என்பது நினைக்குந்தோறும் எமக்கு வியப்பேயாம்.

குருத்தொழில் விரும்பி டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் இறைநூல் பயின்றார். ஆங்கு மேஸ்ட்லின் என்னும் ஆசிரியர்பால், பூமி ஞாயிற்றைச் சுற்றுகின்றது என்னும் கொப்பர்னிக்கசின் கொள்கையைக் கேட்டு அதனைத் தழுவினார். 1594-இல் கிராட்ஸ் நகரப் பள்ளியிற் கணித ஆசிரியராயினார்.

மறு ஆண்டு, பாடம் நடத்துங்கால், அவருள்ளத்தில் ஓர் எண்ணம் மின்னிற்று. அக்காலத்தார் அறிந்த கோள்கள் ஆறு; அவற்றின் இடைவெளிகள் ஐந்து. முகங்கள் யாவும் ஒத்த ஒழுங்குத் திண்மங்களும் ஐந்தே. ஆகலின், இவ்வைந்தையும் இடையிட்டே கடவுள் கோள்களை நிறுவினார் எனத் துணிந்து, 1596-இல் நூலொன்று வெளியிட்டார். கணக்கு ஓரளவே பொருந்திற்று. பொருந்தாதவிடத்துத் தம் கொள்கையை ஐயுற்றாரல்லர். பிறர் குறித்த அளவுகளையே ஐயுற்றார். அதனாற் செவ்விய அளவுகள் வேண்டி, டைக்கோ பிராகி என்னும் பேரறிஞரை நாடி, 1600-இல் பிரேகு நகர்ப்புறம் சென்றார். சென்றது தம் கொள்கைக்குச் சான்று பெறவே என்பதை யாம் மறைத்தல் தகாது.

செவ்வாயின் இயக்கத்தைக் கணிக்கும் பணி அவர்க்குக் கிடைத்தது. 1601-இல் டைக்கோ இறந்தார். அவர் ஆண்டுபல முயன்று குறித்த அளவுகள் கெப்ளர் கைக்கு வந்தன. கோள் செல்லும் நெறி வட்டமே என்பது பண்டு தொட்டு அறிஞர் கொண்ட துணிபு. கெப்ளரும் அவ்வாறே கொண்டு, எழுபது முறை கணக்கிட்டு, ஏறக்குறைய வெற்றியும் கண்டார். பின்னர் வேறு இரண்டு அளவுகளோடு ஒப்பிட்டார். எட்டுக் கலை வேறுபட்டது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறு கலை எனப்படும். முழுமதியின் குறுக்களவே முப்பது கலையளவினது. இத்துணைச் சிறு பிழையை முன்னையோர் பொருட்படுத்தியிரார். கெப்ளரோ, டைக்கோவின் கண் எட்டுக் கலை பிழையாது என அறிந்தவர். அரிதின் முயன்ற கணக்கனைத்தையும் தள்ளி மீண்டும் தொடங்கினார். 1605-இல், செவ்வாய் செல்நெறி நீள்வட்டம் எனக் கண்டார். 1609-இல் நூல் வெளிவந்தது. எம்போன்ற மாணாக்கர் ஆசிரியர் கண்ணிற் படாது கிழித்தெறியும் பிழைக் கணக்குகளையும் அவர் அதில் அச்சேற்றினார்!

அவர்தம் அன்னையார் கத்தரீனாளை 1615-இல் அயலார் சூனியக்காரி எனப் பழித்தனர். 1620-இல், எழுபது கடந்த அம்மூதாட்டியைச் சிறையிலிட்டு விலங்கு பூட்டினர். குற்றவாளியென முன்னரே துணிந்தார்க்கு யாதுதான் சான்றாகாது? அவர் அழாதிருந்ததும் சான்றாயிற்று. லின்ஸ் நகரினின்று விரைந்து வந்த கெப்ளர், குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாய் எடுத்து, நோய்க்கு இயற்கைக் காரணம் உண்டெனக் காட்டி, எதிர்வழக்கு எழுதினார். வதைக்கருவிகளைக் காட்டி அச்சுறுத்தியும் அன்னையார் குற்றம் ஒப்பிலர். பதினான்கு திங்கட்பின், 1621-இல் விடுதலை பெற்றார்; மறு ஆண்டே இறந்தார். செவ்வாயின் நெறியை அறிந்ததினும் இவ்வழக்கில் நின்றதே கெப்ளர்க்குப் பெருமை என்று யாம் கருதுகின்றோம்.

அவ்வாண்டிலேயே தம் முதல் நூலை மறுபதிப்புச் செய்தார். பிழைகள் பலவற்றைக் குறிப்புகளில் ஒப்புக்கொண்டார். ஐந்து திண்மங்களை மட்டும் கைவிட்டிலர். இளமையிற் கொண்ட காதல் போலும்! 1630-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் ரேகன்ஸ்பர்க் நகரில் உயிர்நீத்தார். ஏழாங் கோளை ஹெர்ஷல் கண்டது 1781-இல்.