சி தந்த டென்னிஸ் ரிட்சி

நாம லேபில் மல்லுக்கட்டும் சி மொழியை 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் டென்னிஸ் ரிட்சி. பிறந்தது 1941, அமெரிக்கா.

1977-ல் நிரல்களை இன்டர்டேட்டா 8/32 இயந்திரத்துக்குக் கொண்டுபோக முனைந்தார். இயந்திரம் மாறுவது எவ்வளவு தொல்லையோ, ஆபரேட்டிங் சிஸ்டம் மாறுவதும் அவ்வளவு தொல்லை! ஆகவே ஜான்சனோடு சேர்ந்து யூனிக்ஸையே அங்கே தூக்கிட்டுப் போயிட்டார். குடிமாறும்போது அடுப்பங்கரையையும் பேர்த்துக் கொண்டுபோன கதைதான்!

கூமாப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வர்ற எனக்கு அந்த வசதி ஏது? லினக்ஸ் புராஜெக்ட் லேப் விண்டோஸில் ஓடியாகணும், வைவா நெருங்குது. மேக்ஃபைலில் உள்ள 'ஆர்எம்' கட்டளை விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் கிடையாது. அதனால் சிஸ்டத்துக்கு ஒரு சின்ன ஃபைல் வைத்து, கம்பைலர் பெயர், அழிக்கும் கட்டளை, பாதை எல்லாம் அதில் மட்டும் எழுதினேன். பொதுவான மேக்ஃபைல் ஒன்றேதான்.

ரிட்சிக்கு 1983-ல் டூரிங் விருது. 2011 அக்டோபரில், ஸ்டீவ் ஜாப்ஸ் போன அதே மாதம், தனியே வாழ்ந்த வீட்டில் இறந்துகிடந்தார். உலகம் ஜாப்ஸுக்குத்தான் அழுதது.