இராபர்ட் புரூஸ் பூட்

தம் முன்னோர் யாவர் என அறிய விழைதல் மக்கட்கு இயல்பு. ஐரோப்பாவின் பழைய செருமானியக் குடிகளை ஆராய்வோர்க்கு, உரோம அறிஞர் தாசிட்டஸ் கி.பி. 98-ஆம் ஆண்டளவில் எழுதிய நூல் கைவிளக்காக உள்ளது. எழுத்துத் தோன்றாக் காலத்து மக்களை அறிய ஏடுகள் உதவா. அவர்கள் விட்டுச் சென்ற பொருள்களே சான்றாகும். அத்தகைய சான்றினை இந்திய மண்ணில் கண்டு உலகறியச் செய்தவர் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் ஆங்கிலேயர்.

பூட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இங்கிலாந்தில் செல்டன்காம் என்னும் ஊரிற் பிறந்தார். 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிற் சேர்ந்து சென்னைக்கு வந்தார். ஊர்தோறும் சென்று பாறைகளையும் மண்ணடுக்குகளையும் ஆய்ந்து படம் வரைதல் அவருடைய கடமை. பழங்கால மனிதனைத் தேடுமாறு அவரை எவரும் பணிக்கவில்லை.

பிரான்சு நாட்டில் சோம் ஆற்றுப் படுகையில், அற்றுப்போன விலங்குகளின் எலும்புகளோடு கற்கருவிகளும் கிடைத்திருந்தன. அவற்றைக் கண்டெடுத்த பூசே தெ பெர்த் என்பவரின் கூற்றைப் பல்லாண்டுகள் பலரும் மதித்திலர். 1859-இல் ஆங்கில அறிஞர் சிலர் நேரிற் சென்று பார்த்து உடன்பட்ட பின்னரே உலகம் நம்பத் தொடங்கியது. இச்செய்தி பூட்டின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், பல்லாவரத்தில் படைவீரர் அணிவகுப்புத் திடலை அடுத்த சரளைக் குழியில் ஒரு கல் அவர் கண்ணிற்பட்டது. அதன் இருபுறமும் சில்லுகள் பெயர்க்கப்பட்டு, விளிம்பு கூராக்கப்பட்டிருந்தது. வெள்ளத்தில் உருண்டு உடைந்த கல்லாயின் அதன் முனைகள் மழுங்கியிருத்தல் வேண்டுமன்றோ? இது மனிதன் கை பட்ட கல் என அவர் தெளிந்தார். எனினும் ஒரு கல்லைக் காட்டி ஒரு நாட்டின் பழமையை நிலைநாட்டுதல் எளிதன்று. ஆதலின் மேலும் தேடினார்.

அவ்வாண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், வில்லியம் கிங் என்னும் துறைத் தோழருடன், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தை அடைந்தார். கொசத்தலையாற்றை அடுத்த அவ்வூர் ஓடையில் கைக்கோடரிகள் பல கிடைத்தன. கரைகளின் மண்ணடுக்கிலேயே பதிந்திருந்த கருவிகளும் இருந்தன. எங்கிருந்தோ கொணர்ந்து எறிந்தவை என்று இவற்றைத் தள்ள இயலாது. ஐயம் அகன்றது. இன்று இரும்பாலைகள் முழங்கும் கும்மிடிப்பூண்டியும் இம்மாவட்டத்ததே. இங்குத் தொழிற்கூடங்கள் புதியன அல்ல போலும்!

பூட்டின் பெருமை கண்டெடுத்தலினும் குறித்து வைத்தலில் மிகுதியாக விளங்குகிறது. எக்கருவி எவ்விடத்துக் கிடைத்தது என்பதை அவர் ஒழுங்காகப் பதிவு செய்தார். பல்லாரிப் பகுதியின் சாம்பல் மேடுகளை மக்கள் அரக்கரை எரித்த இடங்கள் என்று நம்பி வந்தனர். அவை பண்டை ஆயர் குவித்த மாட்டுச் சாணம் எரிந்த சாம்பலே எனப் பூட் கருதினார். பிற்கால ஆய்வும் அதனையே மெய்ப்பித்தது. 1884-இல் கர்நூல்ப் பகுதியின் பில்லசுர்கம் குகைகளை அகழும் பணியை அவர் மகன் என்றி மேற்கொண்டார்.

1891-இல் ஓய்வு பெற்ற பின்னரும் பூட் வாளாவிருக்கவில்லை. பரோடா, மைசூர் அரசுகளுக்கு நிலவியற் பணி ஆற்றினார். ஏற்காட்டில் இல்லம் அமைத்து வாழ்ந்தார். வாழ்நாளெல்லாம் திரட்டிய கருவிகள் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. அவற்றின் விளக்கப் பட்டியலைத் தாமே எழுதினார்; அஃது அச்சாகி வெளிவந்ததைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1912 டிசம்பர் 29-இல் அவர் மறைந்தார். பட்டியல் வெளிவந்தது 1914-இல்.

அத்திரம்பாக்கம் மறக்கப்படவில்லை. 1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் அங்கு அகழ்ந்தனர். மண்ணிற் புதைந்த கற்களில் அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் அரிய வகைகள் எவ்வளவு எஞ்சியுள்ளன என அளந்து காலம் கணித்தனர். அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மை உடையன என 2011-இல் அறிவித்தனர். சிறிய, நுண்ணிய கருவிகளைச் செய்யும் முறை 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்குத் தோன்றியது என்பது 2018-இல் வெளியிட்ட முடிவு.

ஆயினும் அக்கருவிகளைச் செய்தோர் நம் நேர் முன்னோர் எனத் துணிதல் தகாது. இன்றைய மனித இனம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முற்பட்டவை அவை. அகழ்ந்த குழிகளில் விலங்குகளின் பற்கள் கிடைத்தன; மனித எலும்பு கிடைக்கவில்லை. பூண்டி நீர்த்தேக்கத்தருகே தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் இப்பகுதிக் கற்கருவிகள் மாணவர் காணுமாறு வைக்கப்பட்டுள்ளன.