வித்திட்ட கொடை: மருத்துவ அறிஞர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

கொடை என்னும் சொல்லைக் கேட்ட அளவில், தமிழ் பயில்வோராகிய நம் நெஞ்சில் முதற்கண் தோன்றுவோர் சங்க காலத்துப் புரவலர்களே ஆவர். புலவர் பாடினர்; வேந்தரும் வேளிரும் பரிசில் நல்கினர். பாடிய பின்னர்ப் பரிசில் என்பதே பெரும்பாலும் அன்றைய வழக்கு. பாட்டின் சுவையை அறிந்த பின்னரே புரவலன் கை நீண்டது. அறிவியல் ஆய்வுக்கு வழங்கப்பெறும் நல்கையோ இதனின் வேறுபட்டது. பாட்டு இன்னும் பிறக்கவில்லை. பிறக்குமா என்பதும் தெரியாது. அந்நிலையிலேயே கொடுக்க வேண்டும். அதிலும் தொடக்க நிலை ஆய்வுக்குக் கொடுப்பவர், முளைக்குமோ முளையாதோ என அறியாத வித்துக்கு நீர் வார்ப்பவரை ஒப்பர்.

இத்தகைய கொடையாலும் பலர் கூடி உழைத்த கூட்டு முயற்சியாலும் புற்றுநோய் மருத்துவத்தில் ஒரு புதிய வாயில் திறந்த வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றின் நடுவண் நிற்பவர், சென்னையில் பயின்று அமெரிக்கா சென்ற மருத்துவ அறிஞர் எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்கள். அவர்தம் வாழ்வை ஈண்டுச் சுருங்க எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். குடும்பம் வறுமையில் உழன்றது. சிறுவனாக இருந்தபோதே வீட்டை விட்டுக் காசிக்குச் சென்று, யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் எனப் புறப்பட்டவர் அவர். தாயார் அவரைத் தடுத்து மீட்டு, கல்வியின்பால் திருப்பினார். ஆயினும் கல்வி அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோல்வியுற்று, மூன்றாம் முறையே தேறினார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் அத்தேர்வை முடித்து, மாநிலக் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார்.

மருத்துவக் கல்வியின் செலவை நண்பர்களும், பின்னாளில் அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் தாங்கினர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவை மருத்துவ வகுப்பிற்குக் கதராடை அணிந்து சென்றமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளானார். எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதியிருந்தும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிட்டியது.

இதனினும் கொடிய துயர் ஒன்று அவரைத் தாக்கியது. ஸ்புரூ என்னும் வெப்பமண்டல வயிற்றுநோய் அவர்தம் உடன்பிறந்தாரைப் பறித்தது. உண்ட உணவின் சத்து உடலில் சேராமல், குருதி குன்றி, உடல் மெலிந்து மாயும் நோய் அது. அந்நோய் சுப்பாராவையும் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் மருத்துவத்தால் அவர் உயிர் பிழைத்தார். பின்னர்ச் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்றியல் ஆசிரியராகப் பணியாற்றினார். உடன்பிறந்தாரைக் கொன்ற நோயின் காரணத்தைக் காண வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் கனன்றது.

முதற்கொடை

அயல்நாடு சென்று ஆய்வு செய்ய அவரிடம் பொருள் இல்லை. இந்நிலையில் காக்கிநாடாவிலிருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையம் உதவ முன்வந்தது. மாமனாரும் பொருள் திரட்டித் தந்தார். இவ்வுதவிகளைத் துணைக்கொண்டு கடல் கடந்த சுப்பாராவ், 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 26ஆம் நாள் பாஸ்டன் நகரை அடைந்தார். ஊரில் விட்டுச் சென்ற இளம் மனைவியை அவர் மீண்டும் காணவே இல்லை. பிறந்த மகனும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். கொடுத்தவர்கள் பொருளைக் கொடுத்தனர். அவ்வம்மையாரோ தம் வாழ்வையே கொடுத்தார். அறிவியல் வரலாறு எழுதுவோர் இதனை மறத்தல் ஆகாது.

காக்கிநாடாவில் அத்தொகையை ஒதுக்கிய பெரியோர், தாம் புற்றுநோய் ஆய்வுக்கு வித்திடுகின்றோம் என்று கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள். கல்வியில் ஆர்வமும் கையில் வறுமையும் உடைய இளைஞன் ஒருவனை மட்டுமே அவர்கள் கண்டனர். அதுவே போதுமென்று கொடுத்தனர்.

ஆர்வர்டில் பதினெட்டு ஆண்டுகள்

ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயின்ற சுப்பாராவ், வயிற்றுப்பாட்டிற்காக மருத்துவமனை ஒன்றில் இரவு நேர ஏவலராகப் பணிபுரிந்தார். பின்னர் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் இணைந்தார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவை நீலநிறத்தின் செறிவு கொண்டு கண்டறியும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டனர். ஃபிஸ்க் - சுப்பாராவ் முறை என்று அது பெயர் பெற்றது. 1927இல் தசையில் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருள் உள்ளதை வெளிப்படுத்தினர். உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் எனத்தகும் ஏ.டி.பி. என்னும் பொருளையும் 1929இல் தசையிலிருந்து பிரித்துக் காட்டினர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் அதனைத் தனியே கண்டறிந்தார். 1930இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார்.

இத்துணை அருஞ்செயல் ஆற்றியும் ஆர்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. எனினும் கல்லீரல் சாற்றில் குருதிச் சோகையைத் தீர்க்கும் பொருள் யாது என்னும் ஆய்வை அவர் கைவிடவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து நிறுவன ஆய்வகத்தில் சேர்ந்தார். விரைவிலேயே அதன் ஆய்வு இயக்குநராகவும் உயர்ந்தார்.

இலையில் தோன்றிய ஒளி

ஃபோலிக் அமிலம் என்னும் ஊட்டப்பொருளின் வரலாறே கூட்டுழைப்பின் வரலாறாகும். லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார், 1928 முதல் பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கருவுற்ற மகளிரின் சோகைநோயை ஆராய்ந்து, ஈஸ்டுச் சாற்றில் அதனைத் தீர்க்கும் பொருள் உண்டென்று காட்டினார். 1941இல் அமெரிக்க அறிஞர்கள் அப்பொருளைப் பசலைக்கீரை இலையிலிருந்து பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் பெயரிட்டனர். ஆயினும் மிகச் சிறிய அளவே கிடைத்தது. அதனை வேதிமுறையில் ஆக்கும் பணியில் சுப்பாராவின் குழுவினர் இறங்கி, 1945இல் வெற்றி கண்டனர். அவ்வெற்றியை அறிவித்த கட்டுரையில் பத்துக்கும் மேற்பட்டோர் பெயர்கள் உள்ளன. இயக்குநர் என்ற முறையில் தம் பெயரை மட்டும் முன்னிறுத்தும் இயல்பு சுப்பாராவிடம் இருந்ததில்லை.

ஸ்புரூ நோயால் விளையும் சோகைக்கும் இந்த ஃபோலிக் அமிலம் மருந்தாயிற்று. உடன்பிறந்தாரை இழந்த இளைஞர் பூண்ட வேட்கை இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து ஈடேறிற்று.

தோல்வியில் பிறந்த வழி

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் நோய்க்குறியியல் அறிஞர் இருந்தார். இரத்தப் புற்றுநோயால் குழந்தைகள் சில வாரங்களிலோ திங்கள்களிலோ மாய்வதைக் கண்டு வருந்தியவர் அவர். சோகையைத் தீர்க்கும் ஃபோலிக் அமிலம் இந்நோயையும் தீர்க்கக்கூடும் எனக் கருதினார். அதன் சேர்மங்களைச் சுப்பாராவிடமிருந்து பெற்று நோயுற்ற குழந்தைகளுக்கு அளித்தார். விளைவு எதிர்மாறாயிற்று. நோய் தணியாமல் விரைவு கொண்டதாக அவருக்குத் தோன்றியது.

நல்கை வழங்குவோர் உறுதியான வெற்றியை மட்டுமே எதிர்நோக்குவாராயின் ஆய்வு அன்றே முடிந்திருக்கும். ஃபார்பரோ அத்தோல்வியின் உட்பொருளை ஆராய்ந்தார். ஃபோலிக் அமிலம் புற்றணுக்களை வளர்க்குமாயின், அதனைத் தடுப்பது அவற்றை அடக்குமன்றோ? இவ்வினாவிற்கு விடை தரும் பொருள்கள் சுப்பாராவின் ஆய்வகத்தில் உருவாகிக்கொண்டிருந்தன. ஃபோலிக் அமிலத்தைப் போன்ற வடிவும், அதன் தொழிலைச் செய்ய இயலாத தன்மையும் உடைய பொருள்கள் அவை. பூட்டில் நுழைந்தும் திறவாது, மெய்த்திறவுகோலையும் நுழையவிடாது தடுக்கும் போலித் திறவுகோலை அவற்றுக்கு ஒப்பிடலாம். புதிய அணுக்கள் பிறக்கத் தேவையான மரபுப்பொருள் ஆக்கம் இதனால் தடைப்படுகின்றது. விரைந்து பெருகும் புற்றணுக்களே முதலில் தாக்குண்ணும்.

அவற்றுள் ஒன்றாகிய அமினாப்டெரின் என்னும் பொருளை 1947ஆம் ஆண்டின் இறுதியில் ஃபார்பர் பயன்படுத்தத் தொடங்கினார். கடுமையாக நோயுற்றிருந்த 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் தணிந்தது. படுக்கையில் கிடந்த குழந்தைகள் எழுந்து விளையாடினர். ஆயின் அத்தணிவு நிலைக்கவில்லை. சில திங்கள்களில் நோய் மீண்டது. ஃபார்பர் குழுவினர் இதனையும் மறையாது 1948 ஜூன் 3ஆம் நாளிட்ட மருத்துவ இதழில் வெளியிட்டனர். மருத்துவர் பலர் நம்ப மறுத்தனர். அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவின் பெயர் இல்லை. மருந்தை ஆக்கித் தந்தவர் மறைவிலேயே நின்றார்.

மக்கள் தந்த நல்கை

மருந்து நிறுவனம் பொருள்களை ஆக்கித் தந்தது. மருத்துவமனை நோயாளரைப் பேணியது. ஆய்வு தொடர்ந்து நடைபெறப் பணம் வேண்டுமே? நியூ இங்கிலாந்துப் பகுதியின் வெரைட்டி கிளப் என்னும் கலைத்தொழிலினர் சங்கம் ஃபார்பருக்குத் துணைநின்றது. 1947இல் குழந்தைப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் தோன்றியது. 1948 மே 22ஆம் நாள், நாடு முழுதும் கேட்கப்பெற்ற வானொலி நிகழ்ச்சி ஒன்றில், குடற்புற்று கண்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஜிம்மி என்னும் புனைபெயரில் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து பேசினான். தனக்குப் பிடித்த பேஸ்பால் ஆட்டத்தைக் காண ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும் என்பதே அவன் ஆசை. மக்கள் நேரில் வந்தும் அஞ்சலிலும் பணம் அளித்தனர். 2,31,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அச்சிறுவன் நலம்பெற்று 2001ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார் என்பது நமக்கு மகிழ்வளிக்கும் செய்தி.

இங்கு ஒன்றை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஃபார்பரின் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது அவ்வானொலி நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு நாள் கழித்தே ஆகும். முடிவு அச்சேறுமுன்னரே எளிய மக்கள் வாரி வழங்கினர். பாட்டு அரங்கேறுமுன் பரிசில் வந்த விந்தை இது!

மறைவும் பின்விளைவும்

அதே 1948ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தம் 53ஆம் வயதில், உறக்கத்திலேயே சுப்பாராவ் மறைந்தார். யானைக்கால் நோயைத் தரும் புழுக்களை அழிக்கும் டை எதில் கார்பமசின், டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தாகிய ஆரியோமைசின் ஆகியனவும் அவருடைய தலைமையில் நடந்த ஆய்வில் விளைந்தவையே. ஆயினும் பெயர் பரவுமுன் ஆவி பிரிந்தது. அவர் பிறந்த நூற்றாண்டான 1995இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டு அவரைச் சிறப்பித்தது.

அமினாப்டெரினைத் தொடர்ந்து, அவர் ஆய்வகம் ஆக்கிய மெத்தோட்ரெக்சேட் அதன் இடத்தைப் பெற்றது. 1956இல் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் ஆகியோர் அதனைக் கொண்டே கருப்பையில் தோன்றும் ஒருவகைப் புற்றைத் தீர்த்துக் காட்டினர். பின்னர்ப் பல மருந்துகளைக் கூட்டி வழங்கும் முறை வளர்ந்தது. அன்று ஒருவரும் பிழையாதிருந்த குழந்தை இரத்தப் புற்றுநோயில், இன்று வளம் மிக்க நாடுகளில் பத்துக்கு ஒன்பது குழந்தைகள் அளவில் பிழைக்கின்றனர். மூட்டுவாத நோய்க்கும் மெத்தோட்ரெக்சேட் வழங்கப்படுகின்றது. ஃபார்பரும் மேரி லாஸ்கர் அம்மையாரும் இடைவிடாது வாதாடியதன் பயனாக, 1971இல் அமெரிக்க அரசு தேசியப் புற்றுநோய்ச் சட்டம் இயற்றி ஆய்வுக்குப் பெரும்பொருள் ஒதுக்கியது. வானொலி கேட்டுச் சில்லறை அனுப்பியோரின் ஈகை அரசின் கடமையாக உயர்ந்தது.

நாம் கொள்ளத்தக்கன

செத்தும் கொடுத்தவர் என்று வள்ளல் சீதக்காதியைத் தமிழுலகம் போற்றுகின்றது. சுப்பாராவும் அத்தகையரே. அவர் மறைந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அவர் ஆய்வகத்து மருந்து, பெயரறியாத குழந்தைகளுக்கு உயிர் கொடுத்து வருகின்றது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன மூன்று. தேர்வில் இருமுறை தோற்றவனிடத்தும் பேரறிவு உறைதல் கூடும். ஆதலின் மதிப்பெண் ஒன்றையே கண்டு மாணாக்கரை ஒதுக்குதல் தகாது. பம்பாயில் ஓர் அம்மையார், பேர்ல் ரிவரில் ஒரு குழு, பாஸ்டனில் ஒரு மருத்துவர் எனப் பல கைகள் கூடாவிடில் பெருஞ்செயல் கைகூடாது. மூன்றாவதாக, தொடக்க நிலையில் கொடுக்கும் சிறுதொகை, முடிவு கண்டபின் கொடுக்கும் பெருந்தொகையினும் மாண்புடையது.

இன்று நம் கல்லூரி வாயிலில், கட்டணம் செலுத்த இயலாது தயங்கி நிற்கும் மாணாக்கருள் ஒரு சுப்பாராவ் இருக்கலாம். யார் அவர் என்பது நமக்குத் தெரியாது. காக்கிநாடாப் பெரியோருக்கும் தெரியாதுதான். தெரியாமலே அவர்கள் கொடுத்தனர். நாமும் அவ்வாறே கொடுக்கத் துணிவோமாக.