சீனிவாச இராமானுசனின் இங்கிலாந்துப் பயணம்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 - ஏப்ரல் 26, 1920) ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை. 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் சென்னையிலிருந்து கப்பலேறி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் திரினிட்டி கல்லூரியில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அங்கு அவர் கழித்த ஐந்தாண்டுகள் எண்கோட்பாட்டின் வரலாற்றில் தனி இடம் பெற்றவை. அப்பயணத்தின் பின்னணி, கடல்வழி, இலண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் அவர் கழித்த தொடக்க நாட்கள், பின்விளைவுகள் ஆகியவற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

பின்னணி

இராமானுசனின் தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கராகப் பணியாற்றினார். தாயார் கோமளத்தம்மாள். குடும்பம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வாழ்ந்தது. பள்ளிப் படிப்பில் முதன்மை பெற்ற இராமானுசன், கணிதம் தவிர்த்த பாடங்களில் கவனம் செலுத்தாமையால் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப். ஏ. தேர்வில் தேறவில்லை. 1909ஆம் ஆண்டு சூலை மாதம் சானகியை மணந்தார். அப்போது சானகிக்கு வயது பத்து.

1912ஆம் ஆண்டு மார்ச் 1 முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். அங்குத் தலைமைக் கணக்கராக இருந்த எஸ். நாராயண ஐயரும் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிசு ஸ்பிரிங்கும் அவருக்குப் பெருந்துணையாக இருந்தனர். 1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாளிட்டு, கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜி. எச். ஹார்டிக்குத் தம் தேற்றங்கள் பலவற்றை எழுதி அனுப்பினார். ஹார்டியின் மறுமொழி இராமானுசனின் நிலையை மாற்றியது. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. பட்டம் பெறாத ஒருவருக்கு இத்தகைய உதவித்தொகை கிடைத்தது அந்நாளில் அரிய நிகழ்வாகும்.

கடல் கடத்தல் குறித்த தயக்கம்

இராமானுசனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைக்க ஹார்டி 1913ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே முயன்றார். இராமானுசன் இணங்கவில்லை. கடல் கடந்து செல்பவர் சாதி ஒழுக்கத்தினின்றும் வழுவியவராக அக்காலத்து வைதிகக் குடும்பங்களில் கருதப்பட்டார். திருமணம், திதி போன்ற சடங்குகளில் உறவினர் அவரோடு கலப்பதில்லை. எனவே அன்று கப்பலேறுவது என்பது ஒரு குடும்பம் தன் சுற்றத்தாரை இழக்க நேரிடும் முடிவாக இருந்தது.

1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த இளம் கணித அறிஞர் ஈ. எச். நெவில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்ற வந்தார். இராமானுசனின் மனத்தை மாற்றும் பொறுப்பை ஹார்டி அவரிடம் ஒப்படைத்திருந்தார். இராமானுசனின் குறிப்பேடுகளைக் கண்டு வியந்த நெவில் அழைப்பை முன்வைத்தபோது, எதிர்பார்த்த மறுப்பு வரவில்லை. அதற்குள் இராமானுசன் மனம் மாறியிருந்தார்.

இம்மாற்றத்திற்குக் குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளைக் காரணமாகக் குடும்பத்தார் கூறினர். நாமகிரித் தாயார் நாமக்கல் மலைக்கோயிலில் நரசிம்மரோடு வழிபடப்படுபவர். சோளிங்கரில் யோக நரசிம்மரோடு அமிர்தவல்லித் தாயார் வழிபடப்படுவதைப் போன்றதே இவ்வழிபாடும். இராமானுசன் நாராயண ஐயருடன் நாமக்கல் சென்று கோயிலில் மூன்று இரவுகள் தங்கினார் என்றும், கோமளத்தம்மாள் தம் மகன் ஐரோப்பியர் சூழ அமர்ந்திருப்பதாகக் கனவு கண்ட பின்னரே இசைவளித்தார் என்றும் கூறப்படுகிறது. கனவின் செய்தி எதுவாயினும், தாயின் இசைவின்றி இராமானுசன் புறப்பட்டிருக்க மாட்டார் என்பது அவரை அறிந்தோர் அனைவருக்கும் தெரிந்த ஒன்றாகும்.

பயண ஏற்பாடுகள்

நெவிலின் பரிந்துரையை ஏற்று, சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் இரண்டாண்டுகளுக்கு உதவித்தொகை வழங்க முடிவு செய்தது. கப்பல் கட்டணமும் உடைகளுக்கான செலவும் இதற்குப் புறம்பாக வழங்கப்பட்டன. உதவித்தொகையிலிருந்து மாதந்தோறும் 60 ரூபாய் தம் தாயாருக்கு அனுப்பப்பட இராமானுசன் ஏற்பாடு செய்தார். திரினிட்டி கல்லூரி ஆண்டுக்கு 60 பவுன் கூடுதலாக வழங்கியது.

பயணத்திற்குச் சில நாட்கள் முன்னதாகவே தாயாரும் மனைவியும் கும்பகோணத்திற்கு அனுப்பப்பட்டனர். அதன் பின்னரே இராமானுசனின் குடுமி நீக்கப்பட்டது. மேனாட்டு உடை அணிவதற்கும், கத்தியும் முட்கரண்டியும் கொண்டு உண்பதற்கும் நண்பர்கள் அவருக்குப் பயிற்சி அளித்தனர். வேட்டியும் செருப்பும் அன்றி வேறறியாத அவருக்குக் காலணிகள் இறுதிவரை இடர்ப்பாடாகவே இருந்தன.

கணக்கிடுவதற்குக் கற்பலகையைப் பயன்படுத்துவது இராமானுசனின் வழக்கம். நாராயண ஐயரோடு மாலை வேளைகளில் கற்பலகைகளை வைத்துக்கொண்டு கணக்கிடுவதும் உண்டு. புறப்படும் முன் நாராயண ஐயர் தம் பலகையை அவருக்குக் கொடுத்து, அவருடைய பலகையைத் தாம் நினைவாகப் பெற்றுக்கொண்டார் என்பர்.

கடல்வழி

1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் 'நெவாசா' என்னும் நீராவிக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. அதுவரை இராமானுசன் தென்னிந்தியாவைத் தாண்டிச் சென்றதில்லை. முதற் சில நாட்கள் கடல் நோயினால் துன்புற்றார். கொழும்பைக் கடந்து அரபிக் கடலில் சென்ற பின் உடல்நலம் தேறியது. ஏடன், சூயசுக் கால்வாய், நடுநிலக்கடல், சிப்ரால்ட்டர் நீரிணை வழியாகச் சென்ற கப்பல், இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தைத் தொட்டு, ஏப்ரல் 14ஆம் நாள் தேம்சு ஆற்றின் வழியே இலண்டனை அடைந்தது. பயணம் நான்கு வாரங்கள் நீடித்தது.

இலண்டனில் முதல் நாட்கள்

துறைமுகத்தில் நெவிலும் அவருடைய தமையனாரும் மோட்டார் வண்டியுடன் காத்திருந்தனர். அங்கிருந்து தென் கென்சிங்டன் பகுதியில் குரோம்வெல் சாலை 21ஆம் எண் இல்லத்திற்கு இராமானுசன் அழைத்துச் செல்லப்பட்டார். இந்தியாவிலிருந்து புதிதாக வரும் மாணவர்கள் தங்குவதற்கும் அறிவுரை பெறுவதற்கும் அமைந்த இல்லம் அது. அதன் எதிரே இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பெருங்கட்டடம் அமைந்துள்ளது.

அன்றைய இலண்டன் உலகின் மிகப்பெரிய நகரங்களுள் ஒன்று. மோட்டார்ப் பேருந்துகளும் நிலத்தடித் தொடர்வண்டிகளும் ஓடிய நகரம் அது. இராமானுசன் அங்குத் தங்கியது சில நாட்களே. அவ்வில்லத்தில் அவர் சந்தித்தவர்களுள் ஏ. எஸ். இராமலிங்கம் என்னும் தமிழ்ப் பொறியாளர் குறிப்பிடத்தக்கவர். நான்காண்டுகள் கழித்து, இராமானுசன் நோயுற்று மேட்லாக் நலவாழ்வு மனையில் இருந்தபோது நேரில் சென்று கண்டு, அவருக்கு ஏற்ற உணவு கிடைக்க முயன்றவர் இவரே.

கேம்பிரிட்ஜில் தொடக்க காலம்

ஏப்ரல் 18ஆம் நாள் இராமானுசன் கேம்பிரிட்ஜ் சென்றார். கேம் ஆற்றின் அக்கரையில் செசுட்டர்டன் சாலையில் இருந்த நெவிலின் வீட்டில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தங்கினார். நெவில் தம்பதியர் அவருடைய உணவுப் பழக்கத்தையும் கூச்ச இயல்பையும் உணர்ந்து நடந்துகொண்டனர். வசந்தமும் கோடையும் சேரும் அப்பருவத்தில் குளிர் கடுமையாக இருப்பதில்லை. அந்நகரின் இனிய முகத்தையே அவர் முதலில் கண்டார் எனலாம்.

சூன் மாதம் திரினிட்டி கல்லூரியின் ஹியூவெல் முற்றத்தில் அறை பெற்று அங்குக் குடிபெயர்ந்தார். ஹார்டியின் அறைக்கு அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவே என்பது இதன் நன்மை. ஆனால் ஒரு குடும்பத்தின் அரவணைப்பிலிருந்து தனிமைக்குச் சென்றதும் அப்போதுதான்.

இராமானுசன் சில விரிவுரைகளுக்கும் சென்றார். கிங்சு கல்லூரியின் ஆர்தர் பெர்ரி ஒருநாள் நீள்வட்டச் சார்புகள் குறித்துக் கரும்பலகையில் விளக்கிக்கொண்டிருந்தபோது, இராமானுசனின் முகத்தில் மலர்ச்சியைக் கண்டு, ஏதேனும் கூற விரும்புகிறாரா எனக் கேட்டார். இராமானுசன் எழுந்து சென்று, பெர்ரி இன்னும் நிறுவாத முடிவுகளைப் பலகையில் எழுதினார்.

குளிரும் உணவும்

கிங்சு கல்லூரியில் பயின்ற வங்காள மாணவர் பி. சி. மகலனோபிசு இராமானுசனின் நெருங்கிய நண்பரானார். இவர் பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர். ஒருநாள் இரவில் குளிர் தாங்க முடியவில்லை என இராமானுசன் கூற, மகலனோபிசு படுக்கையறையைச் சென்று பார்த்தார். கம்பளிகள் மெத்தையின் அடியில் நன்கு செருகப்பட்டு, மேலே விரிப்பிட்டு மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுக்க வேண்டும் என்பதை அறியாத இராமானுசன், மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு விரிப்பின் மேலேயே உறங்கி வந்தார். கேட்டறிந்திருக்கக்கூடிய சிறு செய்தியையும் கேளாமல் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளும் இயல்பை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

உணவில் அவர் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. கல்லூரிச் சமையலில் விலங்குக் கொழுப்பு கலந்திருக்கலாம் என ஐயுற்று, தம் அறையிலேயே சமைத்து உண்டார். புளி முதலிய பொருட்கள் ஊரிலிருந்து வரவேண்டியிருந்தன. மாணவரும் ஆசிரியரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் கூடமே கேம்பிரிட்ஜ் கல்லூரி வாழ்வின் மையம். அதனின்றும் விலகியதால் பிறரோடு பழகும் வாய்ப்பு குறைந்தது. கணக்கில் மூழ்கிய நாட்களில் வேளை தவறி உண்பதும் உண்ணாதிருப்பதும் வழக்கமாயின.

நண்பர்களை அழைத்து விருந்தளிப்பதில் அவருக்கு மகிழ்ச்சி உண்டு. ஒரு முறை ஞானேசு சந்திர சட்டர்சி என்னும் மாணவரையும் அவருடன் வந்த பெண்களையும் அழைத்துத் தாமே சமைத்து இரசம் பரிமாறினார். மீண்டும் மீண்டும் பரிமாற முற்பட்டபோது பெண்கள் போதும் என்றனர். சிறிது நேரத்தில் அவரைக் காணவில்லை. உணவை அவர்கள் மறுத்ததாக எண்ணி மனம் நொந்து, ஆக்சுபோர்டுக்குச் சென்றுவிட்டார். சில நாட்களுக்குப் பின்னரே திரும்பினார்.

போர்க்காலம்

1914ஆம் ஆண்டு ஆகத்து 4ஆம் நாள் பிரித்தானியா செருமனியின் மீது போர் தொடுத்தது. இராமானுசன் இங்கிலாந்தை அடைந்து நான்கு மாதங்கள் கூட நிறைவுறவில்லை. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் படையில் சேர்ந்தனர். திரினிட்டி கல்லூரியின் நெவில் முற்றம் சிறிது காலம் காயமுற்ற வீரர்களுக்கான மருத்துவமனையாயிற்று. இராமானுசனின் ஆய்வுகளில் ஆர்வம் காட்டிய லிட்டில்வுட் போர்ப் பணிக்குச் சென்றார். காய்கறிகள் கிடைப்பது அரிதாயிற்று. கடல் கடந்து வரும் பொதிகளும் தாமதமாயின.

அவ்வாண்டு டிசம்பரில் 'ஸ்டிராண்டு' இதழில் வெளியான புதிர் ஒன்றை, இராமானுசன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்தபோது மகலனோபிசு படித்துக் காட்டினார். புதிர், போரில் எரியூட்டப்பட்ட பெல்சிய நகரமான லூவேனின் ஒரு தெருவைப் பற்றியது. தெருவின் ஒரு வீட்டிற்கு இருபுறமும் உள்ள வீட்டு எண்களின் கூட்டுத்தொகைகள் சமம். வீடுகள் 50க்கு மேல், 500க்குள். 288 வீடுகளில் 204ஆம் எண் வீடு என்பது விடை. 1 முதல் 203 வரையிலான எண்களின் கூட்டுத்தொகையும், 205 முதல் 288 வரையிலான எண்களின் கூட்டுத்தொகையும் 20,706 ஆகும். மகலனோபிசு சில நிமிடங்களில் விடை கண்டார். இராமானுசனோ கேட்டவுடன் ஒரு தொடர் பின்னத்தைக் கூறினார். அதன் உறுப்புகள் எட்டு வீடுகளில் 6ஆம் எண், 49 வீடுகளில் 35ஆம் எண் என அடுத்தடுத்து எல்லா விடைகளையும் தருவன.

சாதனைகளும் நோயும்

1915இல் மிகு பகு எண்கள் குறித்த இராமானுசனின் நெடிய கட்டுரை வெளியானது. 1916 மார்ச்சில் ஆராய்ச்சியின் அடிப்படையில் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி. ஏ. பட்டம் வழங்கியது. ஹார்டியுடன் இணைந்து எண்களின் பிரிவினைகள் குறித்து உருவாக்கிய முறை, வட்ட முறை என்னும் பெயரில் எண்கோட்பாட்டின் முதன்மைக் கருவிகளுள் ஒன்றாயிற்று. 1918 மே மாதம் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபரில் திரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியரானார்.

1917ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் நோயுற்ற அவர், அதன்பின் பெரும்பாலும் மருத்துவமனைகளிலேயே தங்க நேர்ந்தது. அக்கால மருத்துவர்கள் காசநோய் எனக் கருதினர். குடலில் தங்கும் அமீபாவினால் ஏற்பட்ட கல்லீரல் நோயாக இருக்கலாம் என மருத்துவர் டி. ஏ. பி. யங் 1994இல் ஆய்ந்து கூறினார். இலண்டனின் பட்னி பகுதியில் நோயுற்றிருந்தபோது காண வந்த ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 எனக் கூற, இரு முப்படிகளின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதத்தக்க மிகச்சிறிய எண் அது என இராமானுசன் விளக்கியது புகழ்பெற்ற நிகழ்ச்சியாகும்.

திரும்புகையும் மறைவும்

1919ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் நாள் 'நகோயா' கப்பலில் புறப்பட்டு, மார்ச் 27ஆம் நாள் பம்பாயை அடைந்தார். கடல் கடந்தமைக்கான கழுவாயாக இராமேசுவரம் செல்ல வேண்டுமெனக் கருதப்பட்டது; நோயின் காரணமாக அது நிறைவேறவில்லை. நோய்ப் படுக்கையிலும் கணிதத்தைக் கைவிடாத அவர், 1920 சனவரியில் போலித் தீட்டா சார்புகள் குறித்து ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32ஆம் வயதில் காலமானார்.

கழுவாய் செய்யப்படாமையால் வைதிக உறவினர் பலர் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ளவில்லை. 1913இல் அவரைத் தயங்கச் செய்த அச்சம் இவ்வாறு உண்மையாயிற்று. ஆயினும் அப்பயணம் நிகழ்ந்திராவிடின் அவருடைய தேற்றங்களின் பெரும்பகுதி குறிப்பேடுகளிலேயே தங்கியிருக்கக்கூடும். கணவரின் மறைவுக்குப் பின் 74 ஆண்டுகள் வாழ்ந்த சானகி அம்மாள், தையற்கலையால் பொருளீட்டி வாழ்ந்து, 1994இல் சென்னையில் காலமானார். இராமானுசனின் பிறந்த நாளான டிசம்பர் 22, இந்தியாவில் 2012ஆம் ஆண்டு முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.