நாக்கை இழந்த துறவி

கி.பி. 662-ம் ஆண்டு. கான்ஸ்டாண்டிநோபிள் நகரம். சுமார் 82 வயதுக் கிழவர் ஒருவரின் நாக்கை அறுத்தார்கள். வலது கையையும் வெட்டினார்கள். அவர் பேசக்கூடாது, எழுதவும் கூடாது என்பதற்காக!

அவர் பெயர் மாக்சிமஸ். கிறிஸ்தவத் துறவி. முன்பு ஹெராக்ளியஸ் சக்கரவர்த்தியின் அரண்மனையில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். அதை உதறிவிட்டு மடத்தில் சேர்ந்தார்.

என்ன தகராறு?

ஏசுநாதர் கடவுளா, மனிதரா? இரண்டும்தான் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அவர் ஒருவரே. ஆனால் தேவ சுபாவம், மனித சுபாவம் இரண்டும் அவரிடம் குறைவின்றி உண்டு. 451-ல் கால்சிடோன் நகரில் கூடிய சபை இப்படி முடிவு செய்தது. எகிப்திலும் சிரியாவிலும் பலர் இதை ஏற்கவில்லை.

அவர்களைத் தன் பக்கம் இழுக்க, 638-ல் ஹெராக்ளியஸ் ஒரு சமரசம் சொன்னார். சுபாவம் இரண்டு இருக்கட்டும், சித்தம் மட்டும் ஒன்றே என்றார். சித்தம் என்றால் ஒன்றை விரும்பித் தேர்ந்துகொள்ளும் மனம்.

கேட்பதற்கு நல்ல யோசனைதான். மாக்சிமஸ் மறுத்தார். மனித சித்தம் இல்லாதவர் எப்படி முழு மனிதர் ஆவார் என்று கேட்டார். பிடிபட்ட இரவில், கெத்சமனே தோட்டத்தில் ஏசு சாவை நினைத்துக் கலங்கினார் அல்லவா? கலங்கியது மனித மனம். பிறகு பிதாவின் சித்தத்துக்குப் பணிந்ததும் அதே மனித மனம்தான். அந்த மனமே அவருக்கு இல்லையென்றால், மனிதனின் மனம் குணமடைய வழி ஏது? இதுதான் அவர் வாதம்.

பேசத் தடை

648-ல் ஹெராக்ளியசின் பேரன் இரண்டாம் கான்ஸ்டன்ஸ், இதைப் பற்றி யாரும் பேசவே கூடாது என்று தடை போட்டார். மறு ஆண்டே போப்பாண்டவர் மார்ட்டின் ரோமாபுரியில் சபையைக் கூட்டி, ஒரே சித்தம் என்ற கொள்கையைக் கண்டித்தார். மாக்சிமஸ் துணை நின்றார்.

சக்கரவர்த்தி விடுவாரா? 653-ல் போப்பாண்டவரையே கைது செய்தார். கிரிமியாவுக்கு நாடு கடத்தினார். அங்கேயே அவர் இறந்தார்.

மாக்சிமஸ் மீது ராஜத்துரோக வழக்கு. எகிப்தையும் ஆப்பிரிக்காவையும் அரபியருக்குக் காட்டிக் கொடுத்தாராம்! படை தோற்றதற்குத் துறவி என்ன செய்வார்? இணங்கினால் மரியாதையோடு அழைத்துக்கொள்வதாக ஆசை காட்டினார்கள். உலகமே இணங்கினாலும் தாம் இணங்க முடியாது என்றார்.

தண்டனைக்குப் பிறகு, இன்றைய ஜார்ஜியா நாட்டுக்குத் துரத்தினார்கள். கூடவே இரண்டு சீடர்கள். இருவர் பெயரும் அனஸ்தாசியஸ்! 662 ஆகஸ்டு 13-ந் தேதி மாக்சிமஸ் காலமானார்.

680-ல் கான்ஸ்டன்சின் சொந்த மகனே கான்ஸ்டாண்டிநோபிளில் சபையைக் கூட்டினார். ஏசுவுக்குச் சித்தம் இரண்டு என்று மறு ஆண்டு தீர்மானம் ஆயிற்று. அந்தத் தீர்மானத்தில் மாக்சிமசின் பெயர் இல்லை.