ரைமார் ஹோர்ட்டன்

ரைமார் ஹோர்ட்டன் (மார்ச் 12, 1915 – மார்ச் 14, 1994) ஜெர்மனியில் பிறந்து அர்ஜென்டினாவில் வாழ்ந்து மறைந்த வானூர்தி வடிவமைப்பாளர் ஆவார். வாலோ தனி உடற்பகுதியோ இன்றி, இறக்கை ஒன்றை மட்டுமே கொண்டு பறக்கும் வானூர்திகளை இவர் வாழ்நாள் முழுவதும் வடிவமைத்து வந்தார். இவ்வகை வானூர்தி பறக்கும் இறக்கை எனப்படுகிறது. இவரும் இவருடைய அண்ணன் வால்ட்டர் ஹோர்ட்டனும் உருவாக்கிய ஹோ 229, ஜெட் பொறிகளால் இயங்கிய உலகின் முதல் பறக்கும் இறக்கை ஆகும். இவரது வாழ்வு மாதிரி வானூர்திகளில் தொடங்கியது. இவரது முதன்மையான கருத்து ஒன்று, இவர் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, தொலைக்கட்டுப்பாட்டு மாதிரிகளைக் கொண்டே சோதித்துப் பார்க்கப்பட்டது.

இளமைக் காலம்

ரைமார் பான் நகரில் பிறந்தார். தந்தை மாக்ஸ் ஹோர்ட்டன் இசுலாமிய மெய்யியல் அறிஞர். பான் பல்கலைக்கழகப் பேராசிரியர். இசுலாமிய மறைஞானத்தில் காணப்படும் இந்தியச் சிந்தனைகளைப் பற்றியும் நூல் எழுதியவர். அறிஞரின் வீட்டில் வளர்ந்த மூன்று ஆண்மக்களும் (வொல்ஃப்ராம், வால்ட்டர், ரைமார்) புத்தகங்களை விட வானூர்திகளையே நாடினர்.

முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் உடன்படிக்கை, ஜெர்மனி வான்படை வைத்திருப்பதைத் தடை செய்ததோடு வானூர்தி உற்பத்தியையும் கட்டுப்படுத்தியது. ஆகவே அந்நாட்டு இளைஞரின் ஆர்வம் பொறியில்லாத மிதவை வானூர்திகளின் பக்கம் திரும்பியது. ரோன் மலைத்தொடரில் உள்ள வாசர்குப்பே என்னும் மலை இதற்கு மையமாக விளங்கியது. அங்கு ஆண்டுதோறும் போட்டிகள் நடைபெற்றன. அலெக்சாண்டர் லிப்பிஷ் என்னும் பொறியாளர் வாலற்ற வானூர்திகளை அங்கேதான் சோதித்து வந்தார். ஹோர்ட்டன் சகோதரர்கள் மாதிரிகளைச் செய்து பறக்கவிடத் தொடங்கியபோது லிப்பிஷின் தாக்கம் அவர்களிடம் இருந்தது. ஆனால் ரைமார் அவரை விட ஒருபடி மேலே சென்றார். வாலை நீக்கினால் மட்டும் போதாது, நிலைக்குத்தாக நிற்கும் துடுப்பும் உடற்பகுதியும் கூட இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். தூக்கு விசை தராத எந்தப் பகுதியும் வீண் சுமை என்றே அவர் கருதினார். இந்தப் பிடிவாதத்தை அவர் கடைசி வரை விடவில்லை.

முதல் வானூர்திகள்

ஆள் ஏறிப் பறக்கும் முதல் வானூர்தியான எச் 1, பெற்றோரின் வீட்டிலேயே கட்டப்பட்டு 1933இல் பான் அருகேயுள்ள ஹாங்கெலார் திடலில் பறந்தது. அப்போது ரைமாருக்கு வயது 18. அதன் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 12.4 மீட்டர். 1934ஆம் ஆண்டு ரோன் போட்டியில் அதன் வடிவமைப்புக்கு 600 மார்க் பரிசு கிடைத்தது. ஆனால் அதைத் திரும்ப எடுத்துச் செல்ல வழி அமையவில்லை. மாதக்கணக்கில் உழைத்துக் கட்டிய வானூர்தியைச் சகோதரர்கள் மலையிலேயே எரித்துவிட்டு ஊர் திரும்பினர்.

அடுத்து எச் 2 (1935), எச் 3 (1938) ஆகியவை வந்தன. புகழ்பெற்ற பெண் விமானி ஹன்னா ரைச் 1938இல் எச் 2 வானூர்தியை ஓட்டிப் பார்த்தார். அதே ஆண்டு ரோன் போட்டியில் எச் 3 வானூர்திகள் இரண்டு இடிமேகத்துக்குள் நுழைந்து உயரம் பெற முயன்று சிதைந்தன. விமானிகளில் ஒருவர் உயிரிழந்தார். மற்றவரான ஹைன்ட்ஸ் ஷைட்ஹாவர் குளிரில் உறைந்து விரல்களை இழந்தார். பின்னாளில் ரைமாருடன் அர்ஜென்டினா வரை சென்று அவரது வானூர்திகளை ஓட்டியவரும் இதே ஷைட்ஹாவர்தான்.

1941இல் பறந்த எச் 4இன் இறக்கை 20 மீட்டர் நீளமும் மிகக் குறைந்த அகலமும் கொண்டது. விமானி அமர இடமில்லாததால் முன்புறம் சாய்ந்து மண்டியிட்ட நிலையில், மோவாயைத் தாங்கியில் வைத்தபடி ஓட்ட வேண்டியிருந்தது.

வால் இல்லாமல் திரும்புவது எப்படி

ரைமாரின் பங்களிப்பைப் புரிந்துகொள்ள, வானூர்திக்கு வால் ஏன் தேவைப்படுகிறது என்பதை அறிய வேண்டும். இடப்பக்கம் திரும்ப விரும்பும் வானூர்தி முதலில் இடப்பக்கமாகச் சாய்கிறது. அதற்காக வலது இறக்கையின் பின்விளிம்பு மடல் கீழே இறங்குகிறது. இடது மடல் மேலே எழுகிறது. வலது இறக்கையில் தூக்கு விசை கூடுகிறது. ஆனால் தூக்கு விசை கூடினால் அதனுடன் சேர்ந்து இழுவையும் கூடும். ஆகவே வலது இறக்கை பின்னுக்கு இழுக்கப்பட்டு, வானூர்தியின் மூக்கு வேண்டாத வலப்பக்கம் திரும்ப முயல்கிறது. இது எதிர்த்திருப்பம் எனப்படும். சாதாரண வானூர்தியில் நிலைக்குத்து வாலில் உள்ள சுக்கான் இதைச் சரி செய்கிறது. வால் இல்லாத வானூர்தி என்ன செய்யும்?

வட்டமிடும் பருந்தைக் கவனித்தவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்கும். பருந்தின் வால் கிடைமட்டமாக விரிந்திருக்கிறதே தவிர, எந்தப் பறவைக்கும் நிலைக்குத்தான வால் கிடையாது. எனினும் அவை தடுமாறாமல் திரும்புகின்றன.

ரைமாரின் விடை இறக்கையின் முறுக்கில் இருந்தது. இறக்கையின் நடுப்பகுதி காற்றை அதிகக் கோணத்தில் சந்திக்கும்படியும், முனையை நோக்கிச் செல்லச் செல்ல அக்கோணம் குறையும்படியும் அவர் முறுக்கினார். இதனால் தூக்கு விசை நடுவில் மிகுந்து, முனைகளில் மெல்ல மெல்ல இல்லாமற் போகிறது. இதை வரைபடமாக வரைந்தால் கோயில் மணியின் பக்கத் தோற்றம் போல இருக்கும். எனவே இது மணி வடிவப் பகிர்வு எனப்படுகிறது. இத்தகைய இறக்கையில் முனைப்பகுதியைச் சுற்றியுள்ள காற்று மேல்நோக்கி எழுவதால், அங்கு உண்டாகும் விசை சற்று முன்புறம் சாய்கிறது. அப்போது வலது முனையின் தூக்கு விசையைக் கூட்டினால் அந்த முனை பின்னுக்கு இழுபடுவதற்குப் பதிலாக முன்னுக்குத் தள்ளப்படும். மூக்கும் வேண்டிய திசையிலேயே திரும்பும். சுக்கானுக்கு வேலையில்லை.

ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டில், மணி வடிவப் பகிர்வு வேறொரு வகையிலும் பயன் தரும் என்று 1933இல் காட்டியிருந்தார். இறக்கைச் சட்டத்தின் எடையைக் கூட்டாமல் இறக்கையை 22 விழுக்காடு நீட்டினால், தூக்கு விசையால் விளையும் இழுவை 11 விழுக்காடு குறையும் என்பது அவரது முடிவு. இறக்கையின் நீளம் மாறக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் பாடநூல்கள் கூறும் நீள்வட்டப் பகிர்வே சிறந்தது. இரண்டு கூற்றுகளுக்கும் முரண்பாடில்லை, நிபந்தனைதான் வேறு. இதைக் கவனியாமல் மணி வடிவத்தை ஒதுக்கியவர்களும் உண்டு, மிகைப்படுத்திப் புகழ்ந்தவர்களும் உண்டு.

போர்க்காலம்

சகோதரர் மூவரும் நாட்சி ஜெர்மனியின் வான்படையில் சேர்ந்தனர். வொல்ஃப்ராம் 1940இல் டன்கர்க் அருகே இறந்தார். வால்ட்டர் போர் விமானியாக இங்கிலாந்துக்கு எதிரான வான்போரில் ஈடுபட்டார். பின்னர் வான்படை நிருவாகத்தில் தமக்கு இருந்த பதவியைப் பயன்படுத்தி, மேலதிகாரிகள் அறியாமலேயே கெட்டிங்கன் நகரில் ரைமாருக்காக ஒரு பணிப்பிரிவை ஏற்படுத்தினார்.

1943இல் வான்படைத் தலைவர் கோரிங், 1000 கிலோ குண்டுகளை 1000 கி.மீ. தொலைவுக்கு மணிக்கு 1000 கி.மீ. வேகத்தில் கொண்டு செல்லும் வானூர்தி வேண்டும் என்றார். ஹோர்ட்டன் சகோதரர்கள் தங்கள் பறக்கும் இறக்கையை முன்வைத்து ஒப்புதல் பெற்றனர். எஃகுக் குழாய்ச் சட்டமும் ஒட்டுப்பலகைத் தோலும் கொண்ட இவ்வானூர்தி, பொறியில்லாத மிதவையாக மார்ச் 1, 1944 அன்று பறந்தது. இரண்டு ஜெட் பொறிகளுடன் பிப்ரவரி 2, 1945 அன்று பறந்தது. பிப்ரவரி 18 அன்று பறப்பின்போது ஒரு பொறி நின்றுபோக, வானூர்தி விழுந்து விமானி எர்வின் சில்லர் உயிரிழந்தார். முடிக்கப்படாத மூன்றாவது வானூர்தியை அமெரிக்கப் படையினர் கைப்பற்றினர். அது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சேகரிப்பில் உள்ளது.

ஹோ 229 பற்றிய எழுத்துகளில் வியப்பு மிகுந்தும், அது யாருக்காகக் கட்டப்பட்டது என்ற நினைவு குறைந்தும் காணப்படுகிறது. அது ஒரு கொடுங்கோல் அரசின் தோல்வியைத் தள்ளிப்போடுவதற்காகக் கட்டப்பட்ட குண்டுவீச்சு வானூர்தி. தமது கனவுக்குப் பணம் தருபவர் யார் என்பதை ரைமார் ஒரு தடையாகக் கொள்ளவில்லை என்பதே அவர் வாழ்க்கையிலிருந்து தெரிகிறது.

ரேடாரில் சிக்காமலிருக்க ஒட்டுப்பசையில் கரித்தூள் கலக்கத் திட்டமிட்டதாக ரைமார் 1980களில் தெரிவித்தார். எஞ்சியுள்ள வானூர்தியை ஆராய்ந்த அருங்காட்சியக வல்லுநர்கள் அதற்கு உறுதியான சான்று எதையும் காணவில்லை. அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு வானூர்தி ஹோ 229இன் படி என்ற கூற்றும் தவறானது. ஜாக் நார்த்ராப் தமது முதல் பறக்கும் இறக்கையான என்-1எம்மை 1940லேயே அமெரிக்காவில் பறக்கவிட்டார். பி-2 அவர் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பாகும்.

அர்ஜென்டினாவில்

போருக்குப் பின் ஜெர்மனியில் வானூர்தி கட்டும் வாய்ப்பு இல்லாமற் போனது. ரைமார் 1948இல் அர்ஜென்டினா சென்று கோர்தோபா நகரின் வானூர்தி நிறுவனத்தில் சேர்ந்தார். போக்கே-வுல்ப் போர் வானூர்திகளை வடிவமைத்த கர்ட் டாங்க்கும் அப்போது அங்கே பணியாற்றினார். இந்த இடத்தில் நம் ஊர்ப் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு ஏற்படுகிறது. டாங்க் 1956இல் இந்தியா வந்தார். தருமபுரியிலிருந்து தொடர்வண்டியில் சில மணி நேரத்தில் சென்றுவிடக்கூடிய பெங்களூருவில், இந்துஸ்தான் வானூர்தி நிறுவனத்துக்காக மாருத் என்னும் போர் வானூர்தியை வடிவமைத்தார். அது ஜூன் 17, 1961இல் முதன்முதலில் பறந்தது. ரைமார் அர்ஜென்டினாவிலேயே தங்கிவிட்டார்.

அங்கு அவர் வடிவமைத்த கிளென் அன்டூ என்னும் மிதவை வானூர்தி 1949இல் பறந்தது. 1956இல் ஷைட்ஹாவர் அதைக் கொண்டு ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடந்தார். அடுத்த பெருந்திட்டம் நாரன்ஹேரோ என்று பெயர் பெற்றது. விளைநிலங்களிலிருந்து ஆரஞ்சுப் பழங்களைத் தலைநகருக்குக் கொண்டு செல்லும் சரக்கு வானூர்தி அது. (ஆரஞ்சைக் குறிக்கும் எசுப்பானியச் சொல்லான நாரன்ஹா, நமது நாரத்தையுடன் தொடர்புடைய திராவிட வேர்ச்சொல்லிலிருந்து சமற்கிருதம், பாரசீகம், அரபு வழியாகச் சென்றது எனக் கருதப்படுகிறது.) 32 மீட்டர் இறக்கையும் நான்கு பொறிகளும் கொண்ட அது டிசம்பர் 9, 1960இல் பறந்தது. ஆனால் பொறிகளின் ஆற்றல் போதவில்லை. ஒன்றோடு திட்டம் நின்றுபோனது. அதன்பின் பெரிய வானூர்தி எதையும் கட்டும் வாய்ப்பு ரைமாருக்குக் கிட்டவில்லை. 1980களில் தமது வானூர்திகளின் வரலாற்றைப் பீட்டர் செலிங்கருடன் இணைந்து நூலாக வெளியிட்டார். கோர்தோபா மாநிலத்தின் வில்லா ஹெனரல் பெல்கிரானோ என்னும் ஊரில் தமது 79ஆம் வயதில் காலமானார். வால்ட்டர் 1998 வரை வாழ்ந்தார்.

மாதிரிகளில் தொடர்ச்சி

அமெரிக்காவின் நாசா ஆம்ஸ்ட்ராங் பறப்பு ஆய்வு மையத்தில் ஆல்பியன் பவர்ஸ் என்னும் அறிவியலாளர், மாணவர்களின் துணையுடன் 2010களில் மணி வடிவப் பகிர்வைச் சோதித்தார். இதற்காகச் செய்யப்பட்ட வானூர்திகளுக்குப் பிராண்டிலின் பெயரே சூட்டப்பட்டது. அவற்றில் வாலும் இல்லை, துடுப்பும் இல்லை. ரப்பர்க் கயிற்றால் இழுத்து ஏவப்பட்டு, தரையிலிருந்து வானொலி அலைகளால் இயக்கப்பட்டன. 2015இல் பறந்த மூன்றாவது வானூர்தியின் இறக்கை சுமார் 7.6 மீட்டர். சாயும் திசையிலேயே மூக்கும் திரும்புவதைக் கருவிகள் பதிவு செய்தன. 2016இல் வெளியான நாசா ஆய்வறிக்கை, பறவைகள் நிலைக்குத்து வாலின்றித் திரும்புவதையும் இதே கொள்கையால் விளக்க முயன்றது.

இந்தியாவிலும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆளில்லாப் பறக்கும் இறக்கை ஒன்று ஜூலை 1, 2022 அன்று கர்நாடகத்தின் சித்ரதுர்கா சோதனைத் திடலில் பறந்தது. 2023 டிசம்பரில் அது வாலற்ற வடிவில் பறக்கவிடப்பட்டது. எனினும் இத்தகைய வானூர்திகளில் நிலைத்தன்மையைக் கணினி காக்கிறது. ரைமார் இறக்கையின் முறுக்கை மட்டும் நம்பினார்.

பொழுதுபோக்காக மாதிரி வானூர்தி செய்பவர்களிடம் பறக்கும் இறக்கைக்குத் தனி இடம் உண்டு. தெர்மாகோல் அல்லது சன்போர்டில் இரண்டு பலகைகளை வெட்டி ஒட்டி, இரண்டு சர்வோ மோட்டார்களைப் பொருத்தினால் போதும். பின்விளிம்பின் இரு மடல்களும் ஒன்றாக அசைந்தால் வானூர்தி ஏறி இறங்கும். எதிரெதிராக அசைந்தால் சாயும். விழுந்தாலும் உடைவதற்கு வால் இல்லை. ஈர்ப்பு மையத்தைச் சற்றுப் பின்னே வைத்துவிட்டால் மட்டும் மன்னிக்காது; கையை விட்டதும் மூக்கைத் தூக்கிக் குப்புற விழும்.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை முனைகளில் சிறு நிலைக்குத்துத் துடுப்புகளைக் கொண்டவை. ரைமார் ஒத்துக்கொண்டிருக்கமாட்டார். துடுப்பே இல்லாத ஹோர்ட்டன் வடிவங்களைச் செய்பவர்கள் குறைவு. ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தையும் வெவ்வேறு கோணத்தில் அமைத்து, இரு இறக்கைகளிலும் ஒரே அளவு முறுக்கு வருமாறு ஒட்டி முடிப்பது எளிதன்று.