கூரைமேல் தூங்கிய சிறுவர்கள்... லண்டனை உலுக்கிய ‘டாக்டர்’ பார்னார்டோ யார்?

கோடிகளில் வியாபாரம் செய்யும் நிறுவனத் தலைவர்கள் ஒரு இரவு மட்டும் அட்டைப்பெட்டியை விரித்து வெட்டவெளியில் படுக்கிறார்கள். தலையணை இல்லை, ஏசி இல்லை. நண்பர்களும் சக ஊழியர்களும் அவர்கள் பெயரில் நன்கொடை தருகிறார்கள். அந்தப் பணம் வீடில்லாத இளைஞர்களுக்குப் போகிறது. இங்கிலாந்தில் ஐ.டி. துறையினர் 1998-ல் ‘பைட் நைட்’ என்ற பெயரில் இதைத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவில் 2006 முதல் நிறுவனத் தலைவர்களுக்கென்றே இப்படி ஒரு இரவு நடக்கிறது.

நல்ல விஷயமா, வெறும் விளம்பரமா என்று ஒவ்வொரு வருஷமும் விவாதம் நடக்கும். ஆனால், வசதியானவர்களைக் குளிரில் நிறுத்தி, தெருவில் தூங்கும் பிள்ளைகளைக் காட்டி, நிதி கேட்கும் யோசனை புதுசு இல்லை. சுமார் 150 வருஷத்துக்கு முன்பே லண்டனில் ஒருவர் அதைச் செய்தார். அவர் பெயர் தாமஸ் ஜான் பார்னார்டோ.

யார் இவர்?

1845 ஜூலை 4-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தவர். அப்பா ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய ரோமத்தோல் வியாபாரி. பதின்ம வயதில் பார்னார்டோவுக்கு மத ஈடுபாடு தீவிரமானது. சீனாவுக்குப் போய் கிறிஸ்தவ ஊழியம் செய்ய வேண்டும், அதற்கு மருத்துவம் படிக்க வேண்டும் என்ற திட்டத்தோடு 1866-ல் லண்டன் வந்தார்.

அந்த வருஷமே கிழக்கு லண்டனைக் காலரா தாக்கியது. 3,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். மருத்துவ மாணவரான பார்னார்டோ, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கந்தல் உடையில் வரும் பிள்ளைகள் படித்ததால் அந்த மாதிரிப் பள்ளிகளுக்கு ‘கந்தல் பள்ளி’ என்றே பெயர்.

கூரைமேல் என்ன பார்த்தார்?

ஒரு குளிர்கால இரவு பள்ளி முடிந்த பிறகும் ஒரு சிறுவன் கிளம்பவில்லை. அவன் பெயர் ஜிம் ஜார்விஸ். போக வீடில்லை என்று அவன் சொன்னதை பார்னார்டோ முதலில் நம்பவில்லை. நம்ப வைக்க, நள்ளிரவில் அவன் அவரைச் சந்து சந்தாகக் கூட்டிப்போனான். ஒரு கொட்டகையின் கூரைமேல் ஏறிப் பார்த்தால், பதினோரு சிறுவர்கள் கந்தல் துணியோடு, ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். பார்னார்டோ பிற்காலத்தில் எழுதிய கதை இது. சீனப் பயணம் நின்றுபோனதற்கு இந்த இரவைத்தான் அவர் காரணமாகச் சொன்னார்.

அடுத்தது இன்னும் முக்கியம். இவர் சொல்வது மிகை என்று பலர் நினைத்தார்கள். சமூகச் சீர்திருத்தவாதியான ஷாஃப்ட்ஸ்பரி பிரபு இவரை விருந்துக்கு அழைத்தார். விருந்து முடிந்ததும் கனவான்கள் எல்லோரும் வண்டி பிடித்து பில்லிங்ஸ்கேட் மீன் சந்தைப் பக்கம் போனார்கள். அங்கே ஒரு பெரிய தார்ப்பாய்க்கு அடியிலிருந்து சிறுவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பார்னார்டோவின் கணக்கில் மொத்தம் 73 பேர். சந்தேகப்பட்டவர்கள் அதன் பிறகு உதவ முன்வந்தார்கள்.

கதவு ஏன் மூடப்படவே இல்லை?

1870-ல் ஸ்டெப்னி காஸ்வே என்ற தெருவில் சிறுவர்களுக்கான முதல் இல்லம் திறந்தது. இருந்த பணத்துக்கு ஏற்ற எண்ணிக்கையில்தான் சேர்த்துக்கொண்டார்கள். ஒருநாள் ஜான் சோமர்ஸ் என்ற 11 வயதுச் சிறுவன் வந்து இடம் கேட்டான். ‘கேரட்’ என்பது அவன் பட்டப்பெயர். இடம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டே நாளில் பசியிலும் குளிரிலும் அவன் செத்துக் கிடந்தான்.

அதற்குப் பிறகு ஆதரவற்ற எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று இல்லத்தின் வாசலிலேயே பலகை வைத்தார் பார்னார்டோ. சொல்வது சுலபம். ஆனால் இதன் அர்த்தம், பணம் இருக்கிறதோ இல்லையோ, கதவைத் தட்டுகிற பிள்ளைக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தாக வேண்டும் என்பது. அன்று முதல் கடனும் நிதி திரட்டலும் அவர் வாழ்க்கை முழுக்கத் தொடர்ந்தன.

1873-ல் சிரி எல்ம்ஸ்லியை மணந்தார். பார்க்கிங்சைடில் ஒரு வீட்டைத் திருமணப் பரிசாகப் பயன்படுத்தக் கொடுத்தார்கள். அங்கே பெண் பிள்ளைகளுக்கான இல்லம் தொடங்கியது. பெரிய விடுதியில் கும்பலாக அடைப்பதற்குப் பதில், சின்னச் சின்ன வீடுகளில் குடும்பம் மாதிரி வளர்க்கலாம் என்று அதையே ஒரு கிராமமாக விரிவாக்கினார்கள்.

புகைப்படச் சர்ச்சை என்ன?

இங்கேதான் கதை சிக்கலாகிறது. நிதி திரட்ட பார்னார்டோ கண்டுபிடித்த வழி, இன்றைய சோஷியல் மீடியா காலத்தில் நமக்கு நன்றாகவே தெரிந்ததுதான்: ‘முன்பு - பின்பு’ படம். இல்லத்துக்கு வரும்போது அழுக்கும் கந்தலுமாக ஒரு படம். வந்த பிறகு சுத்தமான உடையில், கையில் வேலைக் கருவியோடு இன்னொரு படம். இவற்றை அட்டைகளாக அச்சிட்டு விற்றார்கள். பணம் குவிந்தது.

ஆனால் சில படங்கள் ஜோடிக்கப்பட்டவை, பிள்ளைகளின் உடையை வேண்டுமென்றே கந்தலாக்கிப் படம் எடுத்தார்கள் என்று புகார் கிளம்பியது. பட்டம் வாங்கும் முன்பே ‘டாக்டர்’ என்று போட்டுக்கொண்டார் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்தது. 1877-ல் நடுவர் குழு விசாரித்தது. இல்லங்கள் உண்மையானவை, மக்கள் நம்பி ஆதரிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் படங்கள் விஷயத்தில் அவருக்குக் குட்டும் விழுந்தது. உண்மையான வறுமை தெருவெங்கும் கிடக்கும்போது, அதை மேலும் அலங்கரிக்க வேண்டிய அவசியம் என்ன என்ற கேள்வி அவரைவிட்டுப் போகவில்லை.

பிள்ளைகளைக் கேட்டாரா?

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. மோசமான சூழலில் இருப்பதாகத் தான் கருதிய பிள்ளைகளை, சில நேரங்களில் பெற்றோர் சம்மதம் இல்லாமலே அவர் எடுத்துக்கொண்டார். அதை மறைக்கவும் இல்லை. தாய்மார்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்குகளில் அவர் தோற்றார். ஆனால் அந்த வழக்குகளின் விளைவாக 1891-ல் ஒரு சட்டமே வந்தது. பெற்றோர் கைவிட்ட குழந்தையை, அவர்கள் திரும்பக் கேட்டாலும் கொடுக்க மறுக்க நீதிமன்றத்துக்கு அது அதிகாரம் தந்தது. மக்கள் அதை பார்னார்டோ சட்டம் என்றே அழைத்தார்கள்.

1882 முதல் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகக் கனடாவுக்குக் கப்பல் ஏற்றினார். புது நாட்டில் புது வாழ்க்கை என்பது திட்டம். அவர் காலத்துக்குப் பிறகும் தொடர்ந்த இந்த ஏற்பாட்டில், அவருடைய அமைப்பு மூலம் மட்டும் சுமார் 30,000 பேர் போனார்கள். சிலருக்கு நல்ல குடும்பம் அமைந்தது. பலர் பண்ணைகளில் கூலியாட்களாக உழைத்தார்கள். உடன்பிறந்தவர்கள் பிரிந்தார்கள். வெவ்வேறு அமைப்புகள் மூலம் பிள்ளைகளை இப்படிக் கடல் தாண்டி அனுப்பியதற்காக, 2010-ல் பிரிட்டன் பிரதமர் கோர்டன் பிரவுன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

என்ன விட்டுச் சென்றார்?

1905 செப்டம்பர் 19-ல் தன் 60-வது வயதில் பார்னார்டோ இறந்தார். அப்போது 96 இல்லங்களில் 8,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். அவர் அமைப்பு இன்றும் ‘பார்னார்டோஸ்’ என்ற பெயரில் பிரிட்டனில் இயங்குகிறது. ஆனால் பழைய மாதிரி அநாதை இல்லங்களை அது எப்போதோ மூடிவிட்டது. பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதைவிட குடும்பத்துக்கே கைகொடுப்பது, அரசுப் பராமரிப்பிலிருந்து வெளியேறும் இளைஞர்களுக்குத் தங்க இடமும் துணையும் தருவது என்று அதன் வேலை மாறியிருக்கிறது.

வெட்டவெளியில் ஒரு இரவு தூங்கும் நிறுவனத் தலைவர்களைப் பற்றிப் பேசும்போது பார்னார்டோவை நினைத்துக்கொள்ளலாம். கண்ணால் பார்த்தால்தான் பலருக்குக் கை நீளும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அதனால் பலனும் கிடைத்தது. ஆனால் அன்று தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்த கனவான்கள் அன்றிரவே வீடு திரும்பினார்கள். ‘கேரட்’டைக் காப்பாற்றியிருக்கக்கூடியது ஒரு படுக்கை மட்டும்தான். அடுத்த முறை இப்படி ஒரு நிகழ்ச்சிக்கு நன்கொடை கேட்டு உங்கள் மொபைலுக்கு லிங்க் வந்தால் தாராளமாகக் கொடுங்க. கூடவே ஒரு கேள்வியும் கேளுங்க: இந்தப் பணத்தில் எத்தனை பேருக்கு, எத்தனை நாளைக்குப் படுக்கை கிடைக்கும்?